சும்மா ஸ்டாப்பிங்

நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி எடுக்க பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு நடுவிலிருந்து ஏரி வாசனை வந்தது. வெளியே ஐப்பசி மழை. உள்ளே உங்கள் டிபன் பாக்ஸ் ஈரக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். நீங்கள் கடைசியாகச் செய்த மண் வாத்தின் அலகு உதிர்ந்து, மூடியில் பொடியாகக் கிடந்தது.

"கோந்து போட்டு ஒட்டி, மேல வார்னிஷ் அடிச்சிடலாம்மா. இல்லாங்காட்டி அடுத்த மழைக்கு ஒண்ணும் மிஞ்சாது," என்றாள் நம் செல்வி. திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் சட்டம் வேறாயிற்றே.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம், நாம் அங்கே குடிவந்த புதிது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை உங்களுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "கெளம்பு டீச்சர், ஜல்தி" என்றீர்கள். எங்கே என்று கேட்டேன். "வாரம் பூரா, எங்க போவணும், எங்க போவணும்னு ஊரையே கேட்டுக்கினு உக்காந்திருக்கேன். ஒரு நாளாச்சும் எங்கியும் போவாம போவணும்."

திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வந்து கேட்டபோது, உங்கள் மடியிலிருந்த செல்வி முந்திக்கொண்டாள். "சும்மா!"

"சும்மான்னு ஸ்டாப்பிங் இல்ல பாப்பா. விக்கிரவாண்டியா, கூட்டேரிப்பட்டா?"

"ரெண்டுக்கும் நடுவுல எங்க ஏரி தெரியுதோ அங்க எறக்கி வுடுங்க," என்றீர்கள் நீங்கள்.

அவர் நம் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். "குடும்பத்தோட வந்திருக்கீங்க. ஏரியில எறங்கி எதுனா பேஜாரு பண்ணி வெச்சிடாதீங்க சார்."

பிறகு அவரே பழகிவிட்டார். புளியமரங்கள் நெருங்கும் வளைவில் விசிலை ஊதி, "சும்மா ஸ்டாப்பிங் எல்லாம் எறங்கு!" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். வகுப்பில் ஒரே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதைச் சொல்ல, நான் எப்போதும் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொள்வேன். சும்மா இரு என்றால் பேசாதே; சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்கவில்லை; சும்மா வந்தேன் என்றால் காரணம் இல்லை. அது ஓர் ஊரின் பெயராகவும் இருக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அது நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த பொருள்.

கரையில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டைக் கடலையை உரிப்போம். நான் பரீட்சைத் தாள்களையும் கொண்டுபோவேன். "பேப்பரு எங்கியும் போயிடாது டீச்சர், நாரை பறந்துடும்" என்று என் முகவாயைத் திருப்பி விடுவீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கைகள் ஈரமண்ணை உருட்டத் தொடங்கியிருக்கும். ஆனை, ஆமை, தொப்பி போட்ட கண்டக்டர். செல்வி கைதட்டுவாள். ஆனால் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துவர விடமாட்டீர்கள். அவள் தரையில் புரண்டு அழுதாலும் கரையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

"ஏரி மண்ணுடா கண்ணு. ஒரு மழை பெஞ்சா அதுவே அது வூட்டுக்குப் போயிடும்."

அடுத்த ஞாயிறு வந்து பார்ப்போம். ஆனை இருந்த இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதற்கடுத்த வாரம் அதுவும் இருக்காது. நீங்கள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுபடி மண்ணை எடுப்பீர்கள்.

சென்னையில் வைத்தியம் இனிப் பயனில்லை என்று அனுப்பியபோது, மாப்பிள்ளை காரில் உங்களைக் கூட்டி வந்தார். அதற்குள் சாலையை அகலப்படுத்திப் புளியமரங்களை வெட்டியிருந்தார்கள். ஆனாலும் இடம் உங்களுக்குத் தெரிந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள."

"என்னா வேணும் மாமா?"

"சும்மா."

உங்களால் இறங்க முடியவில்லை. கரையில் இறங்கி, டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு கை மண் அள்ளி வந்தேன். பின்சீட்டில் சாய்ந்தபடியே உருட்டினீர்கள். மண் கழுத்து நிற்கவில்லை. நிற்க வைக்க முதுகில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தீர்கள். "கொக்கு பண்ணலாம்னு பாத்தேன். வாத்தாப் போச்சி டீச்சர்" என்று சிரித்தீர்கள். மழை வலுத்ததால் கிளம்பிவிட்டோம். அப்படித்தான் வீட்டுக்கு வந்தது அந்த ஒன்று மட்டும். அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். அந்த வாத்தைத் திருப்பிக் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. முதுகில் உங்கள் கட்டைவிரல் குழி, ரேகையோடு, அப்படியே இருந்தது.

நேற்று கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போனது. திரும்பும் வழியில் செல்வியிடம், "கோந்து வேணாம்மா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவளே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம்.

"எங்கக்கா?" என்றான் கண்டக்டர். சின்னப் பையன்.

நரை எட்டிப்பார்க்கும் வயதில், யோசிக்காமலே, "சும்மா" என்றாள் செல்வி. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான். ஏரியைச் சொன்னேன். "அங்கெல்லாம் நிறுத்த மாட்டாங்கம்மா. விக்கிரவாண்டியில எறங்கி ஆட்டோ புடிச்சிக்கங்க."

அப்படியே போனோம். ஏரி நிறைந்திருந்தது. நாரை ஒன்றும் இல்லை. தொலைவில் லாரிச் சத்தம் மட்டும். "நெசமாவே வுட்டுட்டுப் போவணுமாம்மா?" என்றாள், அன்றைக்குப் புரண்டு அழுத அதே குரலில்.

"அது வூட்டுக்குப் போவுது" என்றேன்.

வைப்பதற்கு முன் அந்தக் குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், என்னங்க. இத்தனை வருஷமாக, அழிந்துவிடுமோ என்ற பயத்தில் அதைத் தொட்டதே இல்லை. உங்கள் விரல் பெரியது. என் விரலைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் மீதியிருந்தது.

வாத்தை ஈரக்கரையில் வைத்துவிட்டு வந்தேன். இரவெல்லாம் மழை பெய்தது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். விரலைச் சுற்றியிருந்த அந்தக் கொஞ்சம் இடம் மட்டும் என்னோடு வந்துவிட்டது.