ஆசிரியர் எழுதிய முடிவு

1957 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

என் முதல் கதை சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. ஆனால் முடிவு என்னுடையதல்ல. குடிகாரக் கணவனை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிறவளை, ஆசிரியர் அவன் காலடிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும், என்னோடு வேலை பார்க்கும், பிரெஞ்சு முறையில் நாங்கள் மரியாதையாக 'முசே' என்றழைக்கும் அந்துவான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில அவ திரும்பி வர்றா பாரு, அங்க அழுதுட்டேம்பா. எப்படித் தோணுச்சு?"

"ரெண்டு நாளு தூங்காம யோசிச்சேன்" என்றேன். கூசாமல் வந்தது.

பக்கத்தில் என் மனைவி ரோசலி நின்றிருந்தாள். பத்திரிகைக்கு அனுப்பக் கதையைப் படியெடுத்துக் கொடுத்தவள் அவள்தான். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் பேசினாள்.

"அவ பஸ் ஏறுனத எழுதறப்போ, எங்க அக்காவே அவ குடிகாரப் புருசன விட்டுக் கிளம்பிப் போயிட்ட மாதிரி மனசுக்கு நல்லா இருந்துச்சு. அத ஏன் மாத்திட்டீங்க?"

ஆசிரியர்தான் மாற்றினார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்துவானிடம் அடித்த பெருமை பொய்யென்று ஆகிவிடுமே.

"அப்பதான் போடுவாங்க" என்றேன்.

"சரி" என்று திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் சாப்பிடக் கூப்பிட்டதோடு சரி.

இன்னொரு கதை அனுப்பும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். சற்றுமுன் மூன்று பக்கம் எழுதினேன். இதிலும் ஒருத்தி அடிபடுகிறாள். அழுகிறாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. தாண்ட நான் விடவில்லை.