கறிவேப்பிலைக் கன்றுக்கு வைத்த லைற்

சேசு மரி சூசை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
2006 மாசி 9

அன்புத் தங்கச்சி திரேசம்மாவுக்கு அக்கா எழுதுவது.

போன மாதம் மூவிராசாக்கள் திருநாளன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் ஜெயனி, மருமகன் கிறிஸ்தோப்பர், பேரன் டினோஜன், மேல்வீட்டுச் சிவமலர், செபக்கூட்டத்து அக்னெஸ், அவள் புருஷன் ஜெறோம். யார் எந்தக் கதிரையில் இருந்தது என்றுகூடச் சொல்வேன். ரெலிபோன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, கதைத்தால் ஜெயனிக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

இங்கே கார்த்திகை பிறந்தால் நாலரைக்கே இருட்டிவிடும். மூன்று வருடமாக அந்த இருட்டோடு என் பிள்ளை ஜெயனியும் படுத்துவிடுகிறாள். சமையல் இல்லை, தலை இழுப்பதில்லை. நான் சோம்பல் என்று ஏசினேன். டொக்டரம்மாதான் அது இருட்டுக் காலத்தில் மனசுக்கு வரும் வருத்தம், நோய் என்று சொல்லி, நாளுக்கொரு குளிசையும், விடிய எழும்பியதும் வெயிலுக்குப் பதிலாக அரை மணித்தியாலம் முன்னால் இருக்க ஒரு லைற் பெட்டியும் எழுதிக் கொடுத்தா. நத்தாருக்கு ஜெயனி தானே பலகாரம் சுட்டாள். பாலன் பிறப்புப் பாட்டும் படித்தாள்.

மூவிராசாக்கள் அன்றைக்கு அந்த அக்னெஸ் பெட்டியைக் கண்டுவிட்டு, இதென்ன, வீட்டிலேயே எக்ஸ்ரே எடுக்கிறியளோ என்று கேட்டாள். அவள் வாய்க்குள் போனால் ஞாயிறு பூசை முடியமுன் கோயில் முழுக்கத் தெரியும். இது கறிவேப்பிலைக் கன்றுக்கு, குளிருக்குச் சாகாமல் இருக்க என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக் கன்றடியில் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயனியும் சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் லைற்றுக்கு முன்னால் இருக்கவில்லை. குளிசையையும் விட்டுவிட்டாள். இடையில் நிற்பாட்டக்கூடாது என்று டொக்டர் எத்தனை தரம் சொன்னவ! பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால், மரத்துக்கெண்டு நீங்கள்தானே அம்மா சொன்னீங்கள், மரத்துக்கே இருக்கட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். டினோஜன் தானே சப்பாத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். கன்று மட்டும் தளதளவென்று நிற்கிறது. அக்னெஸ் ஞாயிறு தோறும் வந்து இலை கிள்ளுகிறாள். அவள் சந்தேகப்படக்கூடாதென்று நானும் கன்றுக்கு லைற்றைப் போட்டுவைக்கிறேன். என் விசரைப் பார்.

கிறிஸ்தோப்பர், மாமி, நீங்கள் கதைச்சது காணும், இனி வாய் திறக்காதேங்கோ என்கிறான். நான் கனடா வந்திறங்கிய அன்று என்னை எயார்போட்டில் இரண்டு மணித்தியாலம் காக்க வைத்தவன்!

பங்குனி முதலாம் திகதி டொக்டரிடம் போக வேண்டும். வரமாட்டன் என்கிறாள். அதற்கு முன் நீ அவளுக்குப் போன் எடு. என் நீலச் சீலையைக் கேட்காமல் கட்டிக்கொண்டு நீ மடு மாதா கோயிலுக்குப் போனதை நான் மறக்கவில்லை, இருந்தாலும் இதைச் செய். சின்னம்மா சொன்னால் கேட்பாள். குளிசை எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று சொல். அது நான் சொல்ல வேண்டியது. என் வாயால் இனி எடுபடாது.

அக்னெசை விட்டுவிடுகிறேன், துருவிக் கேட்பது அவள் குணம். சிரித்தவர்களையும் விடுகிறேன். பெற்ற பிள்ளையின் வருத்தத்துக்கு வெட்கப்பட்டு, அவளுடைய வெளிச்சத்தை மரத்துக்குக் கொடுத்தவளைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நான் மன்னிக்காதவளின் பெயரைக் கீழே எழுதுகிறேன்.

அல்போன்சம்மா