காப்பு அவிழ்க்காத ரோடு

பாலசமுத்திரம்
6-2-1955

சிரஞ்சீவி எத்திராஜுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

ருக்மணிக்கு இருமல் விட்டதா?

சர்க்கார் அதிகாரியாக வந்து நீ தொடங்கி வைத்த ரோடு வேலையை நீயே மேலே எழுதி நிறுத்திவிட்டாய் என்று என் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை உனக்கு. நூல் விலை ஏறி, துணி கேட்பாரில்லாமல் தறிகள் நின்றுபோன ஊர் இது. நெசவுக்காரனும் கூலிக்காரனும் அந்த மண்கூடையைத் தூக்கித்தான் கஞ்சி குடித்தார்கள். அதிலும் மண்ணைப் போட்டாயே!

இன்னொன்று. தொடக்க நாளில் எல்லையம்மன் கல் முன்னால் கடப்பாரைக்கும் உன் கைக்கும் மஞ்சள் காப்புக் கட்டினார்களே, மறந்துவிட்டாயா? கட்டிக்கொண்டவன் வந்து அவிழ்க்கிறவரை ஊர் ஆண்கள் யாரும் எல்லை தாண்ட மாட்டார்கள். வெளியூருக்கு வேலை தேடிப் போகவும் வழியில்லை. ஒரு நடை வந்து அவிழ்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
அலர்மேல்மங்கை

சித்தூர்
12-2-1955

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

ருக்மணிக்குத் தேவலை. கோபிக்காதே. தொழில் மந்தமான காலத்தில் சர்க்கார் பணத்தை மண்ணில் கொட்டினால் மண்தான் மிஞ்சும். அதையே நெசவுச் சங்கத்துக்கு நூல் கடனாகக் கொடுத்தால் தறி ஓடும். இதைத்தான் எழுதினேன், மேலே ஒப்புக்கொண்டார்கள். எல்லை ஊர்கள் யாருக்கு என்று ஆந்திராவும் மதராஸும் இன்னும் வாதாடுகின்றன. நாளைக்கு யாருடையதோ என்கிற இடத்துக்கு நாம் ஏன் ரோடு போட வேண்டும்? வேலை இல்லாதவன் மதராஸோ பெங்களூரோ, வேலை இருக்கிற இடத்துக்குப் போகட்டும்.

காப்பா? என்னுடையதை அன்றைக்கே ஜீப்பில் பிளேடால் அறுத்துப் போட்டேன். சட்டைக் கையெல்லாம் மஞ்சள். கடப்பாரையில் இருப்பதையும் யாரையாவது அறுக்கச் சொல்.

உன் தம்பி,
எத்திராஜ்

பாலசமுத்திரம்
26-2-1955

தம்பிக்கு,

நூல் கடன் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? தறி ஓடி, துணி விற்று, காசு கைக்கு வர ஆடி ஆகும். வயிறு மாசியிலேயே கேட்கிறது.

அறுக்க ஒருவரும் துணியவில்லை. விடிந்ததும் மணி அடிக்காமலே ரோட்டுக்குப் போகிறார்கள். கூலி கிடையாது, ஒருவருக்கொருவர் பேச்சும் கிடையாது. மேஸ்திரி கிருஷ்ணப்பாவைக் கேட்டால், "வேல முடியலியே டீச்சரம்மா, எப்டி நிக்கிறது?" என்கிறார்.

போன வாரம் நாகையா வெறும் வயிற்றோடு மண் சுமந்து, அங்கேயே விழுந்து செத்தான். அடக்கம் ஆன மறுநாள் அவன் பெண்சாதி செல்லியம்மா தூக்குச் சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன்.

"அவரு வேலைக்குப் போய்க்கினுதான் கீறாரு. துன்னாம இருப்பாரா?"

பாவம், புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம், ரோட்டோரம் கவிழ்த்துக் கிடந்ததென்று காலித் தூக்கைத் திரும்ப எடுத்துவந்து காட்டினாள். நாய் குடித்திருக்கும் என்று வைத்துக்கொள். நாய் கழுவிக் கவிழ்த்தும் வைக்குமா?

அமாவாசைக்கு ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. ரோடு அன்றைக்கும் வளர்ந்திருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது எத்திராஜ். வா.

அக்கா

சித்தூர்
7-3-1955

அன்புள்ள அக்காவுக்கு,

ரோடு வளர்கிற கதையை நான் நம்பவில்லை. ஆனால் நாகையா செத்ததைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவிழ்த்தால் மற்றவர்களாவது பிழைக்கப் போவார்கள் என்றால் அவிழ்த்துவிட்டுப் போகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வத்தக்குழம்பு வை.

கையில் காப்பு இருந்த இடம் சில நாளாக மஞ்சளாக இருக்கிறது. ருக்மணி சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காமாலை இல்லை என்கிறார் டாக்டர்.

எத்திராஜ்

பாலசமுத்திரம்
20-3-1955

என் கண்ணான தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை உன்னை எங்கள் ஊர்த் திருப்பத்தில் இறக்கிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். குழம்பு ஆறிப்போயிற்று, நீ வீட்டுக்கு வரவில்லை. ரோட்டுக்கு ஓடினேன். எல்லையம்மன் கல்மேல் கடப்பாரையின் காப்பு அவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் உன் செருப்பு. கடப்பாரையைக் காணோம்.

அன்றைக்குச் செல்லியம்மா வைத்த கூழ் அப்படியே இருந்தது. "போயிட்டாரு டீச்சரம்மா" என்று அழுதாள். மறுநாளே ஆண்கள் எல்லாரும் மூட்டை கட்டி எல்லை தாண்டினார்கள். மதராஸுக்குப் பாதி, பெங்களூருக்குப் பாதி. நீ சொன்ன வழிதான்.

நீ எங்கே என்று கேட்டு ருக்மணி எழுதியிருக்கிறாள். நான் என்ன சொல்ல? கடப்பாரையில் அவர்களுக்குக் கட்டியதை நீ வந்து அவிழ்த்தாய். உனக்குக் கட்டியதை அறுத்தல்லவா எறிந்துவிட்டாய்? இனி யார் எதை அவிழ்ப்பது?

ஊரில் ஆணில்லை, ரோடு வளர்கிறது. ஓரம் நேராக இருக்கிறது, கிருஷ்ணப்பா போட்டபோது இவ்வளவு நேர் இல்லை. தினமும் தூக்கில் சாதம் வைத்துவிட்டு வருகிறேன். சாயங்காலம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இந்தக் கடிதத்தைச் சித்தூருக்கு அனுப்பப் போவதில்லை, தூக்கின் அடியில் வைக்கிறேன்.

சர்க்காருக்கு இப்போது ஒரு காசு செலவில்லை தம்பி. நாளைக்கு என்ன குழம்பு வைக்கட்டும்? எழுது.

அக்கா