கீழே நிற்கும் ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே சின்னவள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, "எல்லாரையும் முன்னாடி அனுப்பி வச்சேன்" என்று பெருமை பேசித் திரிகிறாள். வாய் அப்படியே அத்தை வாய்.

போனில் பேசலாம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் பகலில் அவரோடு வேலைக்குப் போய்விடுகிறது; அவர் வீட்டில் இருக்கும்போது நான் உடம்பு என்று பேச்செடுத்ததுமே உங்கள் தம்பி போனை வாங்கி, "நான் கல்லு மாதிரி இருக்கேன்க்கா" என்று சிரித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

கோடையில் அவர் ஓட்டும் கிரேனில் சங்கிலி அறுந்து, கம்பிக்கட்டு கீழே விழுந்தது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்றிருந்த கொத்தனார் அப்போதுதான் தண்ணீர் குடிக்க நகர்ந்திருந்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை. சங்கிலிதான் பழசு, இவர் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். அன்று இவரும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

விடவில்லை, அக்கா. முதலில் வயிற்றெரிச்சல். பிறகு கழுத்தெல்லாம் தடிப்பு. ஒருநாள் சாப்பிடும்போது கடைவாய்ப்பல் உடைந்து கையோடு வந்தது. கல்லைப் போட்டா சமைத்தாய் என்று என்னைத்தான் திட்டினார். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து அவரேதான் உடைத்திருக்கிறார் என்றார் பல் டாக்டர்.

பெரிய டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்தவர் நம்பாமல் மறுபடியும் பார்த்தார். "கம்பி விழுந்து முடிஞ்சுபோச்சு. இவர் உடம்புக்கு மட்டும் அது தெரியல. இன்னும் விழப்போகுதுன்னே காத்துக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா இதயம் தாங்காதும்மா" என்றார். மாத்திரை கொடுத்து, வேலைக்குப் போகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை போட்டால் கண் சொருகுகிறதாம். அவ்வளவு உயரத்தில் கண் சொருகினால் கீழே இருப்பவர்கள் கதி என்ன என்று போடுவதே இல்லை. லீவும் போடமாட்டார். "நான் இறங்கினா புதுசா வந்தவன் ஏறுவான். அவன் கையில அத்தன பேர் உசுரக் குடுத்துட்டு நான் வீட்ல எப்படி உக்காருவேன்?" என்கிறார்.

நேற்று அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார். பாரத்தைப் பாதி வழியில் தொங்கவிட்டுவிட்டு இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். வாக்கிடாக்கியில் கூப்பிட்டும் பதில் இல்லையாம். வெகுநேரம் கழித்து, "கீழ ஒருத்தர் நிக்கிறார், நகரச் சொல்லு" என்றாராம்.

கீழே யாருமே இல்லை, அக்கா.

அவர் திரும்பியதும் கேட்டேன். வெயிலில் கண் கூசியதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. சில நாளாகவே அந்தக் கை மரத்துப்போகிறதாம். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். இன்று காலையும் வேலைக்குப் போய்விட்டார்.

தனக்காக அவர் இறங்கமாட்டார். உங்களுக்கு ஒன்று என்றால் செருப்புகூடப் போடாமல் ஓடிவருவார். கடிதம் கிடைத்த உடனே அவரைக் கூப்பிட்டு, உனக்கு லீவு இருக்கோ இல்லையோ, எனக்கு முடியவில்லை, வந்து கூட இரு என்று சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த ஒரு மாதம் மட்டும் உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாத,
உங்கள் தம்பி மனைவி