லெக்கா, லெக்ஸா

மே 6, செவ்வாய்

முதல் வகுப்பிலேயே எல்லாரையும் மூழ்கடித்துவிட்டேன்.

என் மாணவிகள் எல்லாரும் எங்கள் சின்சூ நகரத்தின் சிப் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டு என்ஜினியர்களின் மனைவிகள். நீச்சல் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். நான் கரையில் நின்று, ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்: "ரெய்ஸ் யுவர் லெக்ஸ்." இத்தனை பேர் இருக்கிறார்களே, கடைசியில் ஒரு 'ஸ்' போடுவதுதான் முறை என்று நினைத்தேன். சொன்னதைச் செய்தார்கள். ஆளுக்கு இரண்டு காலையும் தூக்கினார்கள். ஒரு தலைகூட மிச்சமில்லை.

உயிர்காப்பாளன் மிங்-தே உயர நாற்காலியிலிருந்து விசிலோடு குதித்தான். அதற்குள் எல்லாரும் தாங்களாகவே மேலே வந்து, தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் மொழியில் கால் என்றால் கால். ஒன்றா இரண்டா என்று யார் கேட்டது?

நிர்வாகி ஹுவாங் அக்கா அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "வான்-ரூ, உடற்பயிற்சி சொல்லிக்குடுக்கத்தான் சொன்னேன். முக்கி எடுக்கச் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாசக் கடைசிக்குள்ள கூட்டம் இரட்டிப்பாகலைன்னா இந்த நேரத்தைப் பசங்க நீச்சல் குழுவுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் உன்னை வெச்சுக்க என்னால முடியாது."

மே 7

அண்ணன் போன் செய்தான். தெற்கே கங்ஷானில் அவனுடைய திருகாணித் தொழிற்சாலையில் பெட்டிக்கு லேபிள் ஒட்ட ஆள் வேண்டுமாம். "தண்ணியில குதிச்சது போதும், வந்து சேரு." போனை வைத்துவிட்டு ஒரு கிண்ணம் சேமியா சூப் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மே 8, வியாழன்

இன்று குளத்துக்குள் சண்டை. என்னால்தான்.

எப்படிச் சொன்னால் சரி என்று எனக்கு வந்த அரைகுறை இங்கிலீஷில் அவர்களையே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாங்க நிறைய பேரு. அதனால லெக்ஸ்," என்றாள் டெனீஸ், அமெரிக்காக்காரி. "வெறும் லெக்குன்னா எனக்கு விளக்குக் கம்பத்துக்கிட்ட நிக்கிற நாய்தான் ஞாபகம் வருது."

"ஆளுக்கு ஒண்ணுதானே தூக்கறோம்? அப்ப லெக்." இது மார்லேன், ஹாலந்துக்காரி, ஆறடி உயரம். "எங்க ஊர்ல வகுப்பு மொத்தத்தையும் பாத்து கையைத் தூக்குன்னுதான் சொல்வோம். கைகளைன்னு சொல்ல மாட்டோம்."

"ஹாலந்துல எல்லாருக்கும் சேத்து ஒரே கையா?" என்றாள் டெனீஸ்.

மிதவைக் குச்சியால் தண்ணீரை அடித்துக்கொண்டே வாதாடினார்கள். பயிற்சியைவிட நல்ல பயிற்சி. கடைசியில் ஜப்பான்காரி கிமுரா, இதுவரை வாயே திறக்காதவள், மெதுவாகக் கேட்டாள்: "இடது காலுன்னு சொல்லிட்டா என்ன?"

மிதவைக் குச்சிகள் அப்படியே நின்றன. "ரெய்ஸ் யுவர் லெஃப்ட் லெக்" என்றேன். அத்தனை இடது காலும் எழுந்தது, யாரும் மூழ்கவில்லை. டெனீஸ் மட்டும், "லெஃப்ட் லெக்ஸ்—" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சேர்ந்து அவள் முகத்தில் தண்ணீர் வாரி அடித்தார்கள்.

பாடம்: அந்த 'ஸ்' எனக்கு வேண்டாம். எதிலும் வேண்டாம்.

மே 13, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை.

வகுப்பு முடியும் நேரம். எல்லாரும் மல்லாந்து மிதக்கிறார்கள். கண்களை மூடி ஓய்வெடுங்கள் என்று சொல்ல வேண்டும். 'ஸ்' வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன் அல்லவா. "க்ளோஸ் யுவர் ஐ" என்றேன்.

மிதந்தபடியே அத்தனை பேரும் ஒரு கண்ணை மூடினார்கள். குளம் மொத்தமும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. வெட்கம் தாங்காமல் தலையை நிமிர்த்தினால், உயர நாற்காலியில் மிங்-தே.

அவனும்.

மே 14

சொன்னதைத்தான் செய்தானா? அவன் என்ன, என் மாணவியா? காவலுக்கு இருக்கிறவன் இரண்டு கண்ணையும் மூடக் கூடாது, அதனால் ஒன்றை மட்டும் மூடினானோ? குளோரின் பட்டதோ? போதும் வான்-ரூ. முப்பத்தாறு வயதாகிறது உனக்கு.

குளோரின்தான்.

குளோரின் பட்டால் அப்படிச் சிரிப்பானா?

மே 15, வியாழன்

ஆள் சேர்க்க ஒரு வழி. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஒரு நாள் இலவச வகுப்பு, தோழியோடு வரலாம். நோட்டீஸில் 'பிரிங் யுவர் ஃப்ரெண்ட்' என்று எழுதினேன். ஹுவாங் அக்கா எட்டிப் பார்த்து, "ஃப்ரெண்ட்ஸுன்னு போடேன், கூட்டம் வரும்" என்றார். நான் போடவில்லை. பழைய பயம். தவிர, ஆளுக்கு ஒருத்தி வந்தாலே இரட்டிப்புதானே?

மிங்-தே நோட்டீஸை ஒட்ட உதவினான். கோணலாக ஒட்டினான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 20

அந்த ஒரு வார்த்தையால் வீடு வீடாகப் பிரச்சினையாம். "ஒருத்தியைத்தான் கூட்டிட்டு வரணுமா? யாரைக் கூப்பிட்டாலும் இன்னொருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா," என்று மார்லேன் புலம்பினாள். மார்லேனுடைய பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குக் கேக் செய்து கொடுத்தாளாம், தன்னைக் கூப்பிட வேண்டும் என்று. அப்படி என்ன இருக்கிறது என் வகுப்பில்? எனக்கே சேர ஆசையாக இருக்கிறது.

மே 27, செவ்வாய்

வந்தார்கள். ஆளுக்கு ஒருத்தி.

டெனீஸ் மட்டும் இரண்டு பேரோடு நின்றாள். "நான் எதையும் ஸ் போட்டுத்தான் படிப்பேன்."

கிமுரா தனியாக வந்திருந்தாள். என்னிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "இந்த ஊர்ல எனக்கு அப்படி யாரும் இல்ல." இந்த நோட்டீஸ் ஒருத்திக்கு வலிக்கும் என்று நினைக்கவே இல்லையே. அதற்குள் டெனீஸ் தன் தோழிகளில் ஒருத்தியைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "எங்கிட்ட ஒண்ணு அதிகமா இருக்கு. இவ உனக்கு." அந்தத் தோழி, "என்னை யாரும் கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே கிமுராவின் பக்கத்தில் இறங்கினாள். வகுப்பு முடிந்தும் இருவரும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. கிமுரா இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

புதிதாக வந்தவர்களில் ஒருத்தி பாக்கியில்லாமல் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஹுவாங் அக்கா ஈரத் தரையில் செருப்பு வழுக்க வேகமாக வந்து, "வருஷம் பூரா இந்த நேரம் உனக்குத்தான்" என்றார். உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

அண்ணனுக்குச் சொன்னேன். "எனக்கும் முதுகு வலி. ஆம்பளைங்களுக்கு வகுப்பு உண்டா?" என்றான்.

மே 29, வியாழன்

குளத்தில் பாதை பிரிக்கும் கயிறுகளைச் சுருட்டும்போது கேட்டேவிட்டேன்.

"மிங்-தே, உனக்கு இங்கிலீஷ் வருமா?"

"ஹலோ. தேங்க் யூ. நோ ரன்னிங்."

"ஐ-ன்னா என்னன்னு தெரியுமா?"

"நான்னு அர்த்தம். அது கூடவா தெரியாது?"

"அப்ப அன்னிக்கு நான் க்ளோஸ் யுவர் ஐ-ன்னு சொன்னப்ப..."

"நீ என்ன சொன்னேன்னு யாரு கவனிச்சா?"

கயிற்றையே பார்த்துச் சொன்னான். காது இரண்டும் சிவந்துவிட்டது. அதன் பிறகு அவன் சுருட்டியது எல்லாம் சிக்கு. அவிழ்க்க இரண்டு பேருக்கும் வெகுநேரம் ஆனது. ஆகட்டும் என்று நானும் மெதுவாகத்தான் அவிழ்த்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

வகுப்பு நன்றாக நடந்தது. முடிந்ததும் மிங்-தேயும் நானும் கோயில் வாசல் கடைக்கு மாம்பழ ஐஸ் சாப்பிடப் போனோம். கடைக்கார அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் கிண்ணம் ஒண்ணா, ரெண்டா?"

மிங்-தே சுவரிலிருந்த விலைப்பட்டியலைப் புதிதாகப் பார்ப்பவன்போல் படித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு," என்றேன். "பெரிசா."