பத்ரிநாத் வீட்டில் வைத்த பெட்டி

18 ஜனவரி 2022, செவ்வாய்

மோட்டார் மறுபடி மக்கர். மேல் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குக் கொரோனாவாம். பால்காரருக்கும் கொரோனா. மல்லேஸ்வரத்தில் இந்த வாரம் தும்மாத வீடே இல்லை போலிருக்கிறது.

பெண்ணின் பிரசவத்துக்கு என் மனைவி சுப்பு முப்பதாம் தேதி ஞாயிறு அமெரிக்கா கிளம்ப வேண்டும். விதி இதுதான்: புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று சீட்டு காட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். ஆக இன்னும் பதினோரு நாள் இவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியாக வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் விதான சௌதா தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதின கை சும்மா இருக்குமா? ஒரு பக்கம் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது. நாமும் யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது. காய்கறி வெயிலில் ஒரு மணி நேரம். கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். அவள் படித்துவிட்டு, "நகல் யாருக்கு?" என்றாள். கொழுப்பு.

20 ஜனவரி

அதிதி காலையில் போன் செய்தாள். பிப்ரவரி பதினாலாம் தேதி ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக டாக்டர் சொல்லிவிட்டாராம். "அம்மா வந்துடுவா இல்லப்பா?" என்று மூன்று தரம் கேட்டாள். மாப்பிள்ளை சாய்கிருஷ்ணா பக்கத்தில்தான் இருக்கிறான், நல்ல பையன், ஆனாலும் கேட்கிறாள்.

கேட்கத்தானே செய்வாள். 2020-ல் அவளுக்கு ஏழாம் மாதம். விமானமே கிடையாது. அந்தக் குழந்தை போனதை நாங்கள் செல்போனில் பார்த்தோம். சுப்பு அன்றைக்குத் திரையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியாது.

21 ஜனவரி

பெரிய வழக்கு. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலமாம், அந்தத் திசையில் பிரயாணம் கூடாதாம். "அமெரிக்கா மேற்குன்னு யார் சொன்னா? சான்பிரான்சிஸ்கோவுக்கு ஜப்பான் பக்கமாவும் போகலாம், அப்போ அது கிழக்கு" என்றேன். "விமானம் எந்தப் பக்கம் திரும்பும்னு பைலட்டைக் கேட்டுண்டு வாங்கோ, அப்புறம் பேசலாம்" என்றாள்.

முடிவு: பரஸ்தானம். நல்ல நாளாகப் பார்த்து, கொண்டுபோகிற சாமானில் ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. எங்கள் வீடு, அவள் பிறந்த வீடு இரண்டிலும் வழக்கம். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலை மடக்கினாள். செவ்வாய் அஷ்டமி. புதன் நவமி. வியாழன், வெள்ளி அவள் ராசிக்குச் சந்திராஷ்டமம். சனிக்கிழமை பிரயாணம் சொல்லவே வேண்டாம். மிஞ்சியது திங்கள், ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள். இடம், மூன்றாவது வீடு, பத்ரிநாத் வீடு.

என் சுற்றறிக்கை? "வாசல்ல வெச்சுட்டு வாங்கோ, உள்ள போகாதேங்கோ" என்றாள். சரி.

24 ஜனவரி, திங்கள்

ஒன்பதே காலுக்குச் சின்னப் பெட்டியோடு போனேன். உள்ளே வெள்ளிக் காப்பு, வசம்பு, பழைய மல் வேட்டியில் கிழித்த துணிகள், சுப்பு வறுத்துப் பொடித்த பிரசவ மருந்து.

எழுதத்தான் வேண்டும். இங்கேயும் எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

பத்ரி கதவைத் திறந்து, "யோவ், பெட்டி உள்ள வரணும்யா, வாசல்ல வெச்சா எப்படிப் பரஸ்தானம் ஆகும்?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போனேன். அவன் மனைவி காந்தா மங்களூர் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக நான் வேறு வீட்டுச் சமையலறை வாசனையே பிடித்ததில்லை. முகக்கவசத்தைக் கழற்றினேன். நேற்று மேட்சில் நாலு ரன்னில் தோற்ற கதையைப் பேசினோம். பத்ரி இடையிடையே தும்மினான். "தூசி அலர்ஜி" என்றான். ஒரு மணி நேரம் இருந்தேன். ஏழு போண்டா.

திரும்பி வந்ததும் சுப்பு கேட்டாள். "வாசலோட வெச்சுட்டு வந்தேன். காந்தா வழியில் நின்னு பேசினா, அதான் லேட்" என்றேன். அரசாங்கத்தில் இருந்தவரை ஒரு பொய்க் குறிப்பு எழுதினதில்லை நான்.

26 ஜனவரி

தொண்டையில் கரகரப்பு. தைக் குளிர். சுப்புவிடம் கேட்காமலே மிளகுப் பால் போட்டுக் குடித்தேன்.

27 ஜனவரி

பத்ரி போன். அவனுக்குப் பாசிட்டிவ். காந்தாவுக்கு ஜுரம்.

"நீ எதுக்கும் டெஸ்ட் பண்ணிக்கோ சுந்தரேசா" என்கிறான். பண்ணிக்கொண்டு? எனக்குப் பாசிட்டிவ் வந்தால் அவள் எப்படிக் கிளம்புவாள்? பண்ணிக்கொள்ளாவிட்டால் வியாதி இல்லாமல் போய்விடுமா? மாடி அறையில் படுத்துக்கொள்கிறேன், குறட்டை விடுகிறேன், உனக்குத் தூக்கம் கெடும் என்று சுப்புவிடம் சொல்லிவிட்டேன். நாற்பது வருஷமாக விடுகிற குறட்டை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சொல்லிவிடலாமா?

28 ஜனவரி

சொல்லவில்லை.

29 ஜனவரி, சனி

காலை ஏழரைக்கு லேபிலிருந்து வீணா வந்தாள். சிவாஜிநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். வராந்தாவிலேயே நாற்காலி போட்டோம். "அம்மா, ஸ்வல்ப தலையைத் தூக்குங்க. அஷ்டே, ஆயிடுச்சு" என்று கன்னடமும் தமிழுமாகப் பேசிக்கொண்டே குச்சியை விட்டாள். சுப்புவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மகளைப் பாக்கவாம்மா? அப்போ நெகட்டிவ்தான் வரும், பாருங்க" என்றாள் வீணா.

மத்தியானம் மூன்று மணிக்குள் ரிசல்ட். நான்தான் போனில் திறந்தேன்.

பாசிட்டிவ்.

பெயரைச் சரிபார்த்தேன், வயதைச் சரிபார்த்தேன், பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். எல்லாம் அவள்தான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான். ஏழு போண்டாவுக்கு. நாக்கை அறுத்துப் போடணும்.

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து போய் ஊறப்போட்டிருந்த அரிசியை வடிகட்டினாள். எதற்கு வடிகட்டினாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

30 ஜனவரி

விமானம் அவள் இல்லாமல் போய்விட்டது.

"எல்லாம் என் பரஸ்தானத்தால வந்த வினை. சூலம், சூலம்னு குதிச்சேன் பாருங்கோ, அந்தப் பெட்டியை அங்க அனுப்பாம இருந்தா..." என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எதிரில் நாற்காலியில் நான். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். "உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமே இல்லை.

அதிதி போனில் பெரியவள் மாதிரி பேசினாள். "பரவால்லம்மா, சாய் இருக்கான். நீ ரெஸ்ட் எடு." போனை வைப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

1 பிப்ரவரி

எனக்கும் பாசிட்டிவ். ஆச்சரியம் யாருக்கும் இல்லை. சுப்புவுக்கு 101 ஜுரம், உடம்பு வலி. மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மனேல எஷ்டு ஜன இதீரா?" என்று கேட்டாள். இரண்டே பேர் அம்மா, இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றேன்.

ரசம் வைத்தேன். புளி அதிகம். முழுசும் குடித்தாள். அவளுக்கு ருசியே தெரியவில்லையாம். எனக்குத் தெரிந்தது.

2 பிப்ரவரி

பத்ரி தேறிவிட்டான். பெட்டியைக் கேட்டில் கொண்டுவந்து வைக்கவா என்று கேட்டான். சுப்புவிடம் சொன்னேன். ஜுரத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பரஸ்தானம் வெச்ச பெட்டி ஆத்துக்குள்ள திரும்பப்படாது. அங்கேயே இருக்கட்டும். நான் புறப்பட்டாச்சு. நடுவுல கொஞ்சம் நின்னிருக்கேன், அவ்வளவுதான்."

4 பிப்ரவரி

ஜுரம் இல்லை. அவளே காபி போட்டாள். அப்பாடா.

6 பிப்ரவரி

நேற்று வீணா வந்து மறுபடி எடுத்தாள். இன்று ரிசல்ட், இன்னும் பாசிட்டிவ். வீணாவுக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள் பாவம். "சார், உடம்பு சரியானாலும் டெஸ்ட்ல செத்த கிருமி காட்டும். மூணு வாரம், சிலபேருக்கு ரெண்டு மாசம். என் மாமியாருக்கே அப்படித்தான் சார்" என்றாள். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று வாரம் என்றால் பிப்ரவரி பத்தொன்பது. பதினாலு தாண்டிவிடும். சுப்பு காலண்டரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

7 பிப்ரவரி

கிடைத்துவிட்டது!

அமெரிக்க அரசின் உத்தரவை முதல் வரியிலிருந்து படித்தேன். இத்தனை நாள் இன்டர்நெட்டில் யாரோ எழுதின சுருக்கத்தை நம்பி இருந்திருக்கிறேன். ஆபீசில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். "அல்லது" என்று ஒரு சொல், அதற்குக் கீழே இரண்டாவது வழி. கடந்த தொண்ணூறு நாளுக்குள் கொரோனா வந்து குணமானவர் நெகட்டிவ் காட்டவே வேண்டாம். பழைய பாசிட்டிவ் சீட்டும், இவர் பயணம் செய்யத் தகுதியானவர் என்று டாக்டர் கடிதமும் போதும்.

அதாவது, நான் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேனே, அந்தச் சீட்டேதான் இப்போது அவளுக்கு டிக்கெட்.

நாலு தரம் படித்தேன். சுப்புவை எழுப்பி ஐந்தாம் தரம் வாய்விட்டுப் படித்தேன். "தமிழ்ல சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

9 பிப்ரவரி

டாக்டர் சந்தானம் நேரில் பார்த்து, சோதித்து, கடிதம் கொடுத்தார். பாசிட்டிவ் வந்து பத்து நாள் முழுசாக ஆகிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார். கடிதத்தில் பிறந்த தேதி இல்லை. திருப்பி அனுப்பி, சேர்க்கச் சொல்லி, மறுபடி வாங்கினேன். "ஐயர்வாள், நீங்க இன்னும் ரிடையர் ஆகலியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு சீட். வெள்ளியும் மேற்கே சூலம். பயந்துகொண்டேதான் சொன்னேன். "பெட்டிதான் முன்னாடியே போயாச்சே" என்றாள்.

10 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பெரிய பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே, ஆபீசில் மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போனது, முகக்கவசம், ஒரு மணி நேரம், பத்ரியின் தும்மல், என் தொண்டை, மாடி அறை. "உன் பரஸ்தானம் இல்லை சுப்பு. நான்தான். நீ அழறச்சேகூட வாயைத் திறக்கலை."

"ஏழு" என்றாள்.

"என்ன?"

"ஏழு போண்டா. காந்தா அன்னிக்கே போன் பண்ணிட்டா. 'உங்காத்துக்காரர் ஏழு சாப்ட்டார், வயிறு தேவலையா?'ன்னு."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். எல்லாம் தெரிந்துதான் அழுதாயா என்றேன். அவள் பூட்டை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"பத்ரிக்கு வந்திருக்குன்னும் காந்தா சொன்னா. நீங்க மிளகுப் பால் குடிச்சதும் தெரியும், பாத்திரம் நான்தானே தேய்க்கறேன். நானும் வாயத் தொறக்கலை. தொறந்தா, எனக்கும் இருக்கலாம்னு ஒத்துக்கணுமே. அதிதிகிட்ட போக முடியாதே. அந்தப் பொண்ணு வீணா குச்சியை விடறச்சே, ஏதாவது பிசகிப் போய் நெகட்டிவ்னு வந்துடணும், பகவானேன்னு வேண்டிண்டேன். பாவம்தான். ப்ளேன்ல எத்தனை கொழந்தை இருந்திருக்கும்."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் ஒளித்துக்கொண்டு, ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் படுத்திருந்திருக்கிறோம்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் ரிசல்ட் ஏழு மணி நேரத்துல வந்துடுத்து. உங்க ரிசல்ட் வரப் பதினேழு நாள்" என்றாள். வந்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

11 பிப்ரவரி

போய்விட்டாள். டாக்ஸி பத்ரி வீட்டு வாசலில் நின்றது. காந்தா பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுப்பு அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள், டிக்கியில் போட விடவில்லை. விமான நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவுண்டரில் அந்தச் சீட்டை ஒரு பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னொருத்தரைக் கூப்பிட்டாள். எனக்கு உயிரே இல்லை. அப்புறம் சுப்பு திரும்பிக் கையை ஆட்டினாள்.

15 பிப்ரவரி

பெண் குழந்தை. மூன்று கிலோ. அழுதது, போனில் நன்றாகவே கேட்டது. நானும் அழுதேன். தாயும் சேயும் சௌக்கியம்.

16 பிப்ரவரி

பிரிட்ஜிலிருந்து சுற்றறிக்கையைக் கிழித்தேன். பசை போகவில்லை. சுரண்ட வேண்டும்.

19 பிப்ரவரி, சனி

சுப்பு போன். வெள்ளிக் காப்பு குழந்தைக்குப் பெரிசாக இருக்கிறதாம், நழுவுகிறதாம். பிரசவ மருந்தை அதிதி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாளாம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை சாய்கிருஷ்ணா பயந்துபோய்ப் பார்க்கிறானாம். அதிதி நடுவில் புகுந்து, "அப்பா, அம்மா இங்க இருக்கா" என்றாள். எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொன்னாள்.

"சாப்டாச்சா?" என்று கேட்டாள் சுப்பு.

"ஆச்சு" என்றேன். சரி என்று போனை வைக்கப் போனாள்.

"இரு, இரு. ஆகலை. சாதம் குழைஞ்சு கஞ்சியாப் போச்சு. பத்ரி வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கான், போகலாம்னு இருக்கேன்."

"காந்தா என்ன பண்றாளாம்?"

"போண்டா."

"எண்ணிச் சாப்பிடுங்கோ" என்றாள்.

ஐந்து சாப்பிட்டேன். ஐந்து என்றே மெசேஜ் அனுப்பினேன்.