சனிக்கிழமை உன்னைப் பார்த்ததாகச் சொன்னேன்

வேலை முடிந்து வரும்போது பூசா ரோடு முனையில் கின்னு வண்டி நின்றது. குளிர் வந்தால் தில்லி முழுக்கக் குவியுமே, அந்த ஆரஞ்சு. வண்டிக்காரன் ஒன்றைப் பிளந்து, தின்று பாருங்கள் அங்கிள்ஜி என்று நீட்டினான். தோலின் வாசனை மூக்கில் ஏறியது. வாங்காமல் வந்து, உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

எனக்கு எழுத வராது என்று நினைக்காதே. எட்டாம் வகுப்பு வரை போனவன். அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். தூதரகங்கள் இருக்கிற சாணக்யபுரியில் நான் கழற்றி மாட்டாத வெந்நீர் கீசர் கிடையாது. மூன்று தூதர்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சரி, ஒருவர். அவரும் தூதர் இல்லை, தூதரின் டிரைவர். உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

நம் சபை கூடும் பள்ளிக்கூட ஹாலில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தால் எல்லோரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். ஒரு தலைவலி தீர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், முடிக்கும்போது நான் செத்துப் பிழைத்திருப்பேன். நீ ஒரு நாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. கொத்தனார் வேலை, சிமெண்டுத் தூசி ஏறிய இருமல், கடைசி வரிசை நாற்காலி. அவ்வளவுதான் நீ.

ஆனால் அந்த ஜனவரி ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு உடுப்பு உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று பாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பிரசங்கத்தில் நீ எழுந்து போனாய். திரும்பி வரும்போது மேலே போட்டிருந்த புது ஸ்வெட்டர் இல்லை. உள்ளே போட்டிருந்த, முழங்கை கிழிந்த பழசு மட்டும்தான் இருந்தது. புதுசு பள்ளிக்கூடக் காவலாளியின் உடம்பில் ஏறியிருந்தது. ஆராதனை முடிந்து கொடுத்தால் ஆகாதா, பழசைக் கொடுத்தால் ஆகாதா என்று உன் காதோரம் கேட்டேன்.

"முடியற வரைக்கும் இருந்தா எனக்கே குளிர ஆரம்பிச்சிடும் மச்சான்" என்றாய்.

அடுத்த வாரம் அந்தக் கதையைச் சபையில் சொன்னது நான்தான். உன் ஸ்வெட்டரோடு என் சால்வையும் போனதாகச் சேர்த்துக்கொண்டேன். சால்வை அப்போதும் என் தோளில்தான் கிடந்தது. நீ கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

உங்கள் குடிசைகளைச் சர்க்கார் இடித்த பிறகு உனக்கு நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே போனதும் இருமல் உன்னைப் படுக்கையில் தள்ளியது. நோயாளியைப் பார்க்கப் போவது ஆண்டவரையே பார்க்கப் போவது என்று ஒரு ஞாயிறு பாஸ்டர் பேசினார். உன் பேரையும் சொன்னார். எனக்கு நெஞ்சில் குத்தியது, அது பொய்யில்லை. மறுநாளே இரண்டு கிலோ கின்னு வாங்கினேன். டிசம்பர் மாதம், கீசருக்கு ஆள் மாற்றி ஆள் கூப்பிடுகிற நேரம். பை கதவுக் கொக்கியிலேயே தொங்கியது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் கேட்டார், வார்த்தையைக் கேட்டவர்களில் யார் போனீர்கள் என்று. ஹாலில் ஒரு சத்தமில்லை. அந்த மாதிரி அமைதியை நான் தாங்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். எழுந்தேன். சனிக்கிழமை போனதாகச் சொன்னேன். கின்னு உரித்து ஊட்டினேன், ஜெபித்தேன், நீ எழுந்து உட்கார்ந்தாய், கஞ்சி கேட்டாய், நாலடி நடந்தும் காட்டினாய். ஸ்தோத்திரம் என்று ஹாலே அதிர்ந்தது. நாளைக்குப் போகப்போகிறவன்தானே, இரண்டு நாள் முந்திச் சொன்னால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் நாலு பேர் உன் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். என் சாட்சியைக் கேட்டுவிட்டு, அதுதான் நடக்கிறாரே, அடுத்த வாரம் போகலாம் என்று கலைந்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை போதும், பஸ் ஏறியிருப்பார்கள்.

திங்கட்கிழமை ஒரு வீட்டில் கீசர் வெடித்தது. வெடிக்கவில்லை, ஒழுகியது. செவ்வாய் காலை நீ போய்விட்டாய்.

கல்லறையில் உன் வீட்டுக்காரி என்னிடம் வந்தாள். "சனிக்கிழம வந்து பாத்தீங்களாமே அண்ணே. அவரு என்ன சொன்னாரு?" என்றாள். சுற்றிலும் சபை நின்றது. உன் நினைப்பெல்லாம் அவள் மேல்தான் இருந்தது என்றேன். மேலே போய் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லச் சொன்னாய் என்றேன். இன்னும் என்னென்னவோ. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு, கேட்டுவிட்டுச் செய்யாதவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்றார் பாஸ்டர். அதற்கு மேல் அவர் பேசியது எனக்குத் தெரியாது. நரேலா பஸ்ஸில் இருந்தேன்.

உன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். நான் வரவில்லை, சொன்னதெல்லாம் பொய், வரவிருந்தவர்களும் என்னால்தான் வரவில்லை என்று. வாழ்க்கையில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.

"தெரியும்ண்ணே" என்றாள். "அன்னிக்கு நான் வேலைக்கே போகல. வீட்லதான் இருந்தேன்."

அப்புறம் கல்லறையில் ஏன் கேட்டாய் என்றேன்.

"அப்பவாச்சும் சொல்லுவீங்கன்னுதான்."

கழுநீரை வடித்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழம சபையிலேர்ந்து வராங்கன்னு காலையில போன் வந்துச்சு. நல்ல சட்டையா மாத்திவிடுன்னாரு. பொழுது சாயற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

அவள் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. உலை கொதித்தது, எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் இதையே சபையில் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர் எழுந்து வெளியே போனார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போது யாராவது படுத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே போகிறேன். பெருமையடிக்க என்னை விட்டால் ஆளில்லை, ஆனால் இதில் பெருமை ஒன்றுமில்லை. கதவைத் தள்ளியதும் கட்டிலில் கிடப்பவர் தலையைத் திருப்புகிறார். வந்தது யார் என்று தெரிவதற்கு முன் ஒரு நொடி, எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கிறது. அந்த ஞாயிறு உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்காததையெல்லாம் கண்ணால் கண்டதுபோல் சொன்னவன் நான். அதற்கு மட்டும் ஒரு சொல்லும் சேர்க்க வரவில்லை. வீடு வீடாகப் போய் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.